மலைமேல் ஒரு கடல்

செடெனாக் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஏரி கிடையாது. ஜொகூர் பாருவுக்குப் போகும் ரயில் பாதை, நெடுஞ்சாலை, எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. தண்ணீர் என்றால் நிரைகளுக்கிடையே வெட்டிய வாய்க்கால்தான். பிள்ளைகள் குதித்துக் குளிக்க வேண்டுமானால் கோத்தா திங்கி நீர்வீழ்ச்சி, கடல் பார்க்க வேண்டுமானால் தெசாரு. ஆண்டுக்கு ஒருமுறை பஸ் பிடித்துப் போய், கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அந்திக்குள் வீடு திரும்புவோம். அப்படிப்பட்ட நாங்கள் மூன்று குடும்பங்கள், சிறியவர் பெரியவர் சேர்த்துப் பதினொரு பேர், சென்ற பள்ளி விடுமுறையில் கடல் தாண்டிச் சுமத்ராவின் தோபா ஏரிக்குப் போய் நான்கு நாள் தங்கி வந்தோம் என்றால் நம்புவீர்களா?

செலவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களில் பலருக்கு முதலில் எழும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். குடும்பத்துக்கு மாதம் இருநூறு வெள்ளி வீதம் இரண்டு ஆண்டுகள் கூட்டுக் கட்டினோம். கடப்பிதழ் எடுத்தது, விமானச் சீட்டு வாங்கியது, தங்கியது, தின்றது எல்லாம் அந்தப் பணத்தில்தான். விசா வேண்டியதில்லை. மொழியும் தடையில்லை, நமக்குத் தெரிந்த மலாய் போதும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நம் ஊரில் 'பெர்ச்சுமா' என்றால் இலவசம்; அங்கே 'பெர்ச்சுமா' என்றால் வீண். இலவசமா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு ஒரு கடைக்காரரிடம் அவர் சரக்கெல்லாம் வீணா என்று நான் கேட்டுவிட்டேன். நல்ல மனிதர், சிரித்துவிட்டார்.

என் தாயாருக்கு எழுபத்திரண்டு வயது. முப்பது ஆண்டு பால்மரம் சீவியவர். “அவ்வளவு காசு போட்டு ஏரியப் பாக்கணுமா? அதுக்கு ஒரு கோயிலுக்குப் போனாலும் புண்ணியம்” என்று முதலில் மறுத்தார். மேடானில் பழைய மாரியம்மன் கோயில் ஒன்று இருக்கிறது, முதல் வேலையாக அங்கேதான் போகிறோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே கடப்பிதழுக்குப் படம் பிடிக்க வந்தார்.

வாக்குப்படி கோயிலுக்குத்தான் முதலில் போனோம். மேடான் நகரின் நடுவே, இன்று கம்போங் மெட்ராஸ் என்று அழைக்கப்படும் பகுதியில் 1884-ஆம் ஆண்டு எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில் அது. டச்சுக்காரர்கள் டெலி வட்டாரத்தில் புகையிலைத் தோட்டம் போட்ட காலத்தில் சீனரோடும் ஜாவாக்காரரோடும் தமிழர்களும் அங்கே வேலைக்குப் போனார்கள். வண்டி மாடு ஓட்டினார்கள், சாலை போட்டார்கள், வாய்க்கால் வெட்டினார்கள். நம் பாட்டன்மார் மலாயாவில் செய்ததைத்தான் அவர்கள் எதிர்க்கரையில் செய்தார்கள். அர்ச்சனைத் தட்டு விற்ற பெண் எங்களிடம் இந்தோனேசிய மொழியில் பேசினாள். அம்மா தமிழில் பதில் சொன்னார். அவள் புரிந்துகொண்டாள் என்பது சிரிப்பில் தெரிந்தது. பதில் மட்டும் தமிழில் வரவில்லை.

மேடானிலிருந்து ஏரிக்கரையிலுள்ள பாராபாட்டுக்குச் சுமார் 170 கிலோமீட்டர். தெபிங் திங்கி, பெமாதாங் சியாந்தார் வழியாக வேனில் போனோம். வழி நெடுகச் செம்பனை, நடுநடுவே கித்தா. “இதப் பாக்கவாப்பா கடல் தாண்டி வந்தோம்?” என்று என் மகன் முணுமுணுத்தான். அம்மா மட்டும் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு வந்தார். தேநீருக்காக வேனை நிறுத்திய இடத்தில் சாலையோரக் கித்தா மரம் ஒன்றின் அருகே போய் வெட்டைத் தடவிப் பார்த்தார். “பட்டையில காயம் போட்டுருக்கான். கங்காணி பாக்கறதில்ல போல” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சியாந்தாரைத் தாண்டியதும் சாலை ஏறத் தொடங்கியது. காற்றில் குளிர்ச்சி தட்டியது. தேவதாரு போன்ற ஊசியிலை மரங்கள் வந்தன. பிறகு ஒரு வளைவில் ஓட்டுநர் ஒன்றும் சொல்லாமல் வேனை ஓரங்கட்டினார். கீழே பார்த்தோம். பேச்சே எழவில்லை. மலைகளுக்கு நடுவே, எதிர்க்கரை மங்கலாகத் தெரியும்படி, அத்தனை நீளத்துக்கு நீலத் தண்ணீர். நான் ஏரி என்று சொல்லிக் கூட்டி வந்தது ஒரு கடலை என்று எனக்கே தோன்றியது.

“இவ்வளவு தண்ணிய மலமேல ஏத்துனது யாருடா?” என்று அம்மா கேட்டார்.

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? அங்கேயே பாடம் நடத்திவிட்டேன். உங்களுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் இந்த இடத்தில் ஒரு பெரும் எரிமலை வெடித்தது. மனிதன் தோன்றிய பிறகு உலகம் கண்ட வெடிப்புகளில் மிகப் பெரியவற்றுள் அது ஒன்று. வயிற்றிலிருந்த குழம்பெல்லாம் வெளியேறியதும் மேலே இருந்த நிலம் தாங்க ஆளில்லாமல் உள்ளே இடிந்து விழுந்தது. அந்தப் பள்ளத்தில் மழை நீர் தேங்கி ஏரியாயிற்று. நீளம் சுமார் 100 கிலோமீட்டர், அகலம் 30 கிலோமீட்டர், ஆழமான இடத்தில் 500 மீட்டருக்கும் மேல். கடல் மட்டத்திலிருந்து தண்ணீர்ப் பரப்பின் உயரம் சுமார் 900 மீட்டர். அன்று பறந்த சாம்பல் இந்தியாவில்கூட விழுந்திருக்கிறது. நம் நாட்டுப் பேராக்கில், லெங்கோங் பள்ளத்தாக்கின் கோத்தா தம்பானில், ஆதிமனிதர் கல்லாயுதம் செய்த இடத்தில் அந்தச் சாம்பல் படிந்திருப்பதை இன்றும் காணலாம். பிறகு அடியிலிருந்த குழம்பு மறுபடி உந்த, ஏரியின் தரையே மெல்ல மேலெழுந்தது. அதுதான் நடுவிலுள்ள சமோசிர் தீவு. சிங்கப்பூரைவிடச் சற்றே சிறியது. அந்தத் தீவின்மேல் சிடிஹோனி என்று இன்னொரு சிறிய ஏரி! ஏரிக்குள் தீவு, தீவுக்குள் ஏரி என்றதும் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, “அப்ப இது அடுப்புதான். ஆறிக் கெடக்குது” என்றார். இத்தனை ஆண்டு கரும்பலகையோடு காலம் தள்ளிய எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை.

பாராபாட்டிலிருந்து தீவுக்குப் படகில் முக்கால் மணி நேரம். இனிச் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நாங்கள் போனது சனிக்கிழமை. கரையில் நின்ற மரப்படகில் ஏற்கெனவே ஆட்கள் நிறைந்திருந்தார்கள். கூரைமேல் இளைஞர்கள், முன்பக்கம் மோட்டார் சைக்கிள்கள், காய்கறி மூட்டைகள். “ஏறுங்கள், இடமிருக்கிறது” என்று படகுக்காரர் கை நீட்டினார். பாதுகாப்பு அங்கிகள் எங்கே என்று கேட்டேன். உட்காரும் பலகைக்கு அடியில் கட்டி வைத்திருந்த ஒரு குவியலைக் காட்டினார். என் கண்ணுக்குத் தெரிந்தவரை எண்ணினேன். முப்பதுகூடத் தேறாது. படகில் இருந்தவர்களோ எழுபதுக்குக் குறையாது.

எனக்கு 2018-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு ஜூன் 18-ஆம் நாள், நோன்புப் பெருநாள் விடுமுறையில், சினார் பாங்குன் என்ற படகு சமோசிரின் சிமானிண்டோவிலிருந்து எதிர்க்கரைத் திகாராஸுக்குப் புறப்பட்டது. நாற்பது பேர் அளவில் ஏற்றக்கூடிய படகில் அதுபோலப் பல மடங்கு ஆட்கள். பயணிகளின் பெயர்ப்பட்டியலும் இல்லை. நடு ஏரியில் காற்றும் அலையும் எழுந்து படகு கவிழ்ந்தது. பிழைத்தவர் இருபது பேர் அளவில்தான். 160-க்கும் மேற்பட்டவர்கள் கிடைக்கவே இல்லை. படகு சுமார் 450 மீட்டர் ஆழத்தில் கிடப்பதைக் கருவி கொண்டு கண்டார்கள். மேலே கொண்டுவர வழியில்லாமல் இரண்டு வாரத்தில் தேடும் வேலையை நிறுத்தினார்கள். திகாராஸ் கரையில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். வெளியூர் உல்லாசப் பயணிகள் மட்டும் போன படகல்ல அது. உறவினரைப் பார்க்கப் போனவர்கள், பெருநாளுக்குப் பிள்ளைகளோடு ஏரியைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள், நம்மைப் போலச் சாதாரண மக்கள்.

“அடுத்த படகில் போவோம்” என்றேன். எங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் அது பிடிக்கவில்லை. வெயில், பசி, பிள்ளைகளின் சிணுங்கல். “எல்லாரும் தினம் போறாங்க வாத்தியாரே” என்று நண்பர் ஒருவர் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. அந்தக் கரை மக்களுக்கு அது நம் ஊர் பஸ் மாதிரி. இருந்தாலும் நான் நகரவில்லை. அம்மாவும் மூட்டையை இறக்கி வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் யார் பேசுவது? ஒரு மணி நேரம் கழித்து வந்த படகில் கூட்டம் குறைவு. ஆளுக்கொரு அங்கி கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டோம். கரை சேர்ந்தபோது முதல் படகு பத்திரமாக அங்கே நின்றுகொண்டிருந்தது. “அது வந்து சேந்துருச்சே அப்பா” என்றான் மகன். நான் பதில் சொல்லவில்லை. நீங்கள் போனால் அங்கியை எண்ணிவிட்டு ஏறுங்கள், அவ்வளவுதான்.

அந்தப் படகில்தான் அம்மாவுக்கு ஒரு தோழி கிடைத்தார். தீவுக்காரர், பாத்தாக் இனத்து மூதாட்டி, சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர். அம்மா வெற்றிலைப் பெட்டியைத் திறந்ததும் அவர் கண் அதிலேயே இருந்தது. ஒரு வெற்றிலையில் சிநேகம் பிறந்தது. அம்மாவுக்குத் தெரிந்த தோட்டத்து மலாயிலும் அந்தம்மாளின் இந்தோனேசிய மொழியிலும் பேச்சு உறவுமுறைக்குப் போயிற்று. தாய்மாமனை அவர்கள் 'துலாங்' என்கிறார்கள். துலாங் மகள் ஒருவனுக்கு 'பாரிபான்', அதாவது முறைப்பெண்! அவளைக் கட்டிக்கொள்வது சிறப்பு. “நம்ம மாதிரியேதான்டா!” என்று அம்மா குதூகலித்தார். ஆனால் அத்தை மகளைக் கட்டக்கூடாதாம். பெண் கொடுத்த வீட்டார் என்றும் உயர்ந்தவர். கொடுக்கும் வழியும் எடுக்கும் வழியும் மாறக்கூடாது என்பது அவர்கள் கணக்கு. எங்கள் தகப்பனார் கட்டியது அத்தை மகளைத்தான் என்பதால் அம்மாவுக்கு அந்தச் சட்டம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பெண் கொடுத்தவர், பெண் எடுத்தவர், ஒரே குலத்துப் பங்காளி ஆகிய மூவரும் சேர்ந்ததுதான் சமூகம் என்பதை அவர்கள் அடுப்பின் மூன்று கல் என்று சொல்லுகிறார்கள். ஒரு கல் நகர்ந்தால் பானை கவிழும்.

வடக்கேயுள்ள காரோ பாத்தாக் மக்களிடையே சோலியா, பாண்டியா, மெலியாலா என்ற குலப்பெயர்கள் உண்டு. சோழர், பாண்டியர், மலையாளத்தார் வழி வந்த பெயர்களாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். மேற்குக் கரையில் பாருஸ் அருகே லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கற்பூரம் வாங்கப் போன நம் வணிகர் கூட்டத்தார் வைத்தது. தோட்டத்துக்குக் கூலியாக வருவதற்கு 800 ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் காலடி அந்தத் தீவில் பட்டிருக்கிறது.

தீவில் நாங்கள் தங்கியது ஒரு குடும்பத்தார் வாடகைக்கு விடும் வீட்டில். பழைய பாத்தாக் வீடுகள் கூரையின் இரு முனைகளும் படகுபோல மேலே வளைந்து, தூண்கள்மேல் நிற்கும். அடியில் ஆடுமாடு, பன்றி. இப்போது பெரும்பாலும் தகரக் கூரைதான். விடியற்காலையில் எழுந்து கரைக்குப் போனால் அந்த ஏரி என்ன என்பது புரியும். ஒரு பெண் துணி துவைக்கிறாள். பக்கத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகுமுன் குளிக்கிறார்கள். ஒருவர் சிறு படகில் வலை இழுக்கிறார். எருமை ஒன்று கழுத்துவரை இறங்கி நிற்கிறது. நமக்குக் குழாயடி, சடக்கு, விளையாட்டுத் திடல் என்று தனித்தனியாக இருப்பதெல்லாம் அவர்களுக்கு அந்த ஒரே தண்ணீர். எங்கள் பிள்ளைகளும் அங்கேதான் இறங்கினார்கள். முதல் நாள் அலறல். தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சி. மறுநாள் அந்த ஊர்ப் பிள்ளைகளோடு பாறையிலிருந்து குதிக்கப் பழகிவிட்டார்கள். மாலையில் அம்மா பேரனின் பள்ளிக் குளிராடையை மாட்டிக்கொண்டு கரையில் உட்காருவார்.

சற்றுத் தள்ளி, பீப்பாய்களின்மேல் மிதக்கும் மீன் கூண்டுகள். திலாப்பியாவும் கெண்டையும் வளர்க்கிறார்கள். எங்கள் வீட்டுக்கார அம்மாளுக்கும் நான்கு கூண்டுகள் இருந்தன. கூண்டு நெருங்கினால் தீவனமும் கழிவும் தண்ணீரில் சேர்ந்து மீனுக்கு மூச்சுக்காற்று குறையும். 2016-ஆம் ஆண்டு வடகரை ஹாரங்காவோலில் ஆயிரம் டன்னுக்கு மேல் மீன்கள் ஒரே வாரத்தில் செத்து மிதந்தன. அன்று முதல் கூண்டுகளைக் குறைக்க வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவருகிறது. “குறைக்கச் சொல்கிறார்கள், சரி. தங்குவிடுதிக் கழிவும் இதே தண்ணீரில்தானே போகிறது? அதை யார் குறைப்பது?” என்று அந்த அம்மாள் கேட்டார். வந்த விருந்தாளி நான், என்ன சொல்ல? குளிக்கும்போது சவர்க்காரத்தை ஏரியில் போடாதீர்கள் என்று எங்கள் பிள்ளைகளிடம் மட்டும் சொல்லி வைத்தேன்.

சாப்பாட்டில் கவனம் தேவை. அவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். கடைப் பலகையில் 'பி 2' என்று எழுதியிருந்தால் பன்றி. 'பி 1' என்றால் நாய். தெரியாமல் உள்ளே போய்விடாதீர்கள். பாடாங் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. ஆனால் 'ஆர்சிக்' என்னும் கெண்டை மீன் குழம்பைத் தவறவிடக் கூடாது. மஞ்சள், இஞ்சி, எலுமிச்சைப்புல் எல்லாம் அரைத்து, குழம்பு வற்றும்வரை மீனை அடுப்பில் வைக்கிறார்கள். அதில் சேரும் 'அண்டாலிமான்' என்ற சிறு காய் மிளகுபோல இருந்து நாக்கை மரத்துப்போகச் செய்யும். என் மனைவி ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். நெத்திலிக் குழம்பில் போட்டுப் பார்த்தோம், பரவாயில்லை.

சுற்றிப் பார்க்க இடங்கள் பல. தோமோக்கில் பழைய அரசர்களின் கல் சமாதிகளும், 'சிகாலே காலே' என்னும் மரப்பாவை ஆட்டமும். பிள்ளையில்லாமல் இறந்தவருக்காக ஆடவைத்த பாவையாம் அது. இப்போது காசு கொடுத்தால் யாருக்கும் ஆடும். அம்பாரிடாவில் தலைவர்கள் நியாயம் தீர்க்க உட்கார்ந்த கல் நாற்காலிகள். வழிகாட்டி தலை வெட்டிய கதையைக் கொஞ்சம் அதிகமாகவே சுவைத்துச் சொன்னார். பாங்குருரான் அருகே, பாத்தாக் மக்களின் முதல் மூதாதை இறங்கியதாகச் சொல்லும் புசுக் புஹிட் மலையடியில் கந்தக வெந்நீர் ஊற்று; அம்மாவின் முழங்கால் வலிக்கு அது இதமாக இருந்தது. தென்கரையில் பாலிகே. 2023-ஆம் ஆண்டு அங்கே உலக விசைப்படகுப் போட்டி நடந்தது. பிள்ளைகளுக்குப் போக ஆசை; நேரமும் காசும் இடங்கொடுக்கவில்லை.

இவற்றையெல்லாம்விட அம்மாவின் மனத்தைப் பிடித்தது வயல்களுக்கு நடுவே நின்ற கல்லறைகள். வீட்டைப் போலக் கட்டி, மேலே சின்னதாகக் கூரை வளைத்து, வர்ணம் பூசி, சில குடியிருக்கும் வீட்டைவிடப் பெரிதாகவே இருந்தன. “செத்தவங்களுக்கு இவ்வளவு பெரிய வீடா?” என்று கேட்டார். வீட்டுக்கார அம்மாள் விளக்கினார். அவருடைய இரண்டு மகன்களும் பாத்தாமில், எங்கள் ஜொகூருக்கு எதிரே இருக்கும் அதே பாத்தாமில், தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள். தீவில் வேலை இல்லை, பிள்ளைகள் போகத்தான் வேண்டும். ஆனால் சம்பாதித்ததும் முதலில் பாட்டன் பூட்டன் எலும்புகளைத் தோண்டியெடுத்துக் கழுவி, உறவெல்லாம் கூட்டி விருந்து வைத்து, இந்தக் கல்லறையில் சேர்க்கிறார்கள். நிலமும் கல்லறையும் இங்கே இருக்கும்வரை எந்த ஊரில் இருந்தாலும் பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்றார்.

அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. என் தகப்பனார் 1992-இல், நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது காலமானார். அப்போது நாங்கள் இருந்த தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். பால்மரக் காட்டுக்குப் பின்னாலிருந்த தோட்டத்து மயானத்தில் புதைத்தோம். அந்தத் தோட்டம் கைமாறியது, லயங்கள் காலியாயின, நாங்கள் செடெனாக் பக்கம் வந்தோம். சில ஆண்டு கழித்துப் படைக்கப் போனபோது மரமும் இல்லை, மேடும் இல்லை. மண்ணை மட்டப்படுத்திச் சாலை போட்டிருந்தார்கள். அம்மா அன்று கொண்டுபோன தேங்காயைச் சாலையோரத்தில் உடைத்துவிட்டுத் திரும்பினார். அதைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதே இல்லை. அன்று சாயங்காலம் அந்த வயல் வரப்பில் நின்றுகொண்டு, பெயர் தெரியாத யாரோ ஒருவரின் கல்லறைச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே, “ஒங்க அப்பாவுக்கு இந்த மாதிரி எடம் பிடிச்சிருக்கும். தண்ணி பக்கத்துல” என்றார்.

திரும்பும் நாள் முதல் படகிலேயே புறப்பட்டோம். மறுகரையில் படகு ஒதுங்கும்போது பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் தண்ணீரில் மிதந்துகொண்டு காசு போடச் சொல்லிக் கேட்டார்கள். பயணிகள் வீசும் நாணயத்தை முங்கி எடுத்துப் பல்லில் கடித்துக் காட்டுகிறார்கள். என் மகன் வீசத் தயாரானான். அம்மா அவன் கையைப் பிடித்தார். கரையிறங்கியதும் ஒரு பையனைக் கூப்பிட்டு, முந்தானையில் முடிந்திருந்த நோட்டொன்றை அவன் கையில் கொடுத்தார். அவன் அதை நனையாமல் வாயில் கவ்விக்கொண்டு மறுபடி குதித்துவிட்டான்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிறிஸ்துமஸ், புத்தாண்டுச் சமயத்தில் போகாதீர்கள். விடுதியிலும் வீடுகளிலும் இடம் கிடைக்காது. பாத்தாமிலும் மேடானிலும் ஜாக்கர்த்தாவிலும் இருக்கும் பிள்ளைகளெல்லாம் அப்போதுதான் வீடு திரும்புகிறார்கள். படகுகளும் அன்றைக்குத்தான் அதிகம் நிறையும்.